சமூகப் பதற்றத்துக்கு (மனிதர்களோடு பேசிப் பழகுவதில் வரும் பயத்துக்கு) ஆன்லைனில் கவுன்சிலிங் தேடுகிறீர்களா? நான் 14,500 ரூபாய் இழந்த கதையைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

நேற்று சாயங்காலம்தான் நான் பணம் கட்டிய ஆலோசனைத் தளத்திடமிருந்து கடைசிப் பதில் வந்தது. பணம் திரும்பக் கிடைக்காதாம். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் கேரளாவில் வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். அம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறார். எனக்குக் குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதும் வேலை. கணக்கு எனக்குப் பிரச்சினையே இல்லை, மனிதர்கள்தான் பிரச்சினை. கடை போன் அடித்தால் தொண்டை வறண்டுவிடும். முதலாளி பக்கத்தில் நின்று பார்த்தால் பில் எழுதும் கை நடுங்கும். இந்தப் பக்கத்து பஸ்ஸில் ஸ்டாப் வந்ததும் "ஆளிறங்ஙானுண்டு" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். அது வாயில் வராமல் எத்தனையோ நாள் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி மழையில் நடந்து வந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் என் மலையாளத்தைக் கேட்டு ஒருத்தன் "பாண்டி" என்றதும் (தமிழர்களை இங்கே இளக்காரமாகச் சொல்லும் வார்த்தை) வகுப்பே சிரித்தது. அதற்கு முன்னாலேயே இந்தப் பயம் இருந்ததா, அன்றைக்குத்தான் தொடங்கியதா என்று எனக்கே தெரியாது.

இது வெறும் கூச்சம் இல்லை, சமூகப் பதற்றக் கோளாறு என்று ஒரு பெயர் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது என்று இந்த வருஷம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்படியானால் மருத்துவமனைக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். இங்கே மலையாளத்தில் சொல்ல வேண்டும், அதை நினைத்தாலே வியர்க்கும். தமிழில் சொல்ல வேண்டுமென்றால் மலையிறங்கி, கம்பம், தேனி தாண்டி கானாவிலக்கு மெடிக்கல் காலேஜ் வரைக்கும் போக வேண்டும். ஒரு நாள் சம்பளம் போகும். வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்தால் லயம் முழுக்கச் செய்தி பரவும். அதனால் போனிலேயே தேடினேன்.

ஒரு ஆன்லைன் ஆலோசனைத் தளம் அகப்பட்டது. பெயர் சொல்லப் போவதில்லை. "தமிழில், உங்களைப் போன்றவர்களோடு" என்று விளம்பரம் போடுகிற வகை. ராத்திரி 11 மணி இருக்கும், சாட்டில் "எனக்குப் போன் பேச வராது" என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: "பேச வேண்டாம் சிஸ்டர், டைப் பண்ணினா போதும். எவ்வளவு நேரமானாலும் நாங்க வெயிட் பண்றோம்."

இத்தனை வயசில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அம்மா எழுந்துவிடக் கூடாதென்று போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நான் அவர்களை நம்பியது அந்த நிமிடத்தில்தான்.

அப்புறம் ஒரு படிவம் அனுப்பினார்கள். 24 சூழ்நிலைகள், ஒவ்வொன்றுக்கும் பயம் எவ்வளவு, ஒதுங்கிப் போவது எவ்வளவு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். ஒன்றுவிடாமல் உண்மையாகப் போட்டேன். மொத்தம் 144-க்கு 112. "ரொம்பக் கடுமையா இருக்கு சிஸ்டர், தள்ளிப் போட்டா வேலையே போயிடும்" என்றார்கள். 12 தனி அமர்வு, எட்டு வாரம் பத்துப் பேருக்கு மிகாத சிறு குழு, எல்லாம் தமிழில். 22,000 ரூபாய், அன்றைக்கு ராத்திரி 12 மணிக்குள் கட்டினால் 14,500. அம்மாவின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். நகைச்சீட்டுக்கு ஒதுக்கி வைத்திருந்ததை எடுத்து 11:50-க்குக் கட்டினேன்.

முதல் அமர்வு 18 நிமிடம். லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினாலும் கேட்கும் என்பதால் கடைக் குடோனில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசினேன். மூச்சை இழுத்து விடுங்கள், பாசிட்டிவா நினையுங்கள், அவ்வளவுதான். இரண்டாவது அமர்வில் வேறொருவர் வந்து முதலிலிருந்து கதை கேட்டார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சர்டிஃபைட்" என்றார், அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. மூன்றாவது அமர்வு நடக்கவே இல்லை.

குழுவைப் பற்றிச் சொல்லும்போது இப்போதும் உடம்பு எரிகிறது. பத்துப் பேர் என்றார்கள். 143 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள், எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும்படி. காலையில் பூப் படம், ராத்திரி பொன்மொழி. சனிக்கிழமை வீடியோ கூட்டம் என்றார்கள், போனேன். 61 பேர். நடத்தியவர் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் என் பெயரைக் கூப்பிட்டு, கேமராவைப் போடுங்கள், உங்களைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுங்கள் என்றார். எனக்கு வாயே திறக்கவில்லை. அவர் மற்றவர்களிடம், "பாருங்க, இதுதான் நம்ம எல்லாருக்கும் இருக்கிற வியாதி" என்று என்னைக் காட்டினார். அந்த 61 முகங்களும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

பயப்படுகிற விஷயத்தை எதிர்கொள்ள வைப்பது உண்மையிலேயே இந்தச் சிகிச்சையின் முக்கியமான பகுதி. ஆனால் அதைச் செய்கிற முறை வேறு. சிகிச்சையாளரும் நாமும் உட்கார்ந்து, குறைந்த பயத்திலிருந்து பெரிய பயம் வரைக்கும் படிப்படியாகப் பட்டியல் போட வேண்டும். நாம் சம்மதித்துத்தான் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். எனக்கு முதல் படி பஸ்ஸில் அந்த ஒரு வார்த்தையைச் சத்தமாகச் சொல்வதாக இருந்திருக்கலாம். கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் கற்றுக்கொடுத்தேன் என்று சொல்லுவார்களா?

மறுநாள் அந்தக் குழுவிலிருந்து ஒரு ஆள் என் நம்பருக்கு "நீங்க குமுளியா?" என்று அனுப்பினான். உடனே குழுவை விட்டு வெளியேறிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன்.

"உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது" என்று முதல் பதில். ஏழு வேலை நாள் பொறுங்கள் என்று அடுத்தது. பொறுத்தேன். பிறகு, ரீஃபண்ட் விஷயம் போனில் மட்டும்தான் பேசுவோம், இந்த நம்பரில் கூப்பிடுங்கள் என்றார்கள். டைப் பண்ணினால் போதும் என்றவர்கள்தான்! பில் அட்டையின் பின்பக்கத்தில் பேச வேண்டியதை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, குடோனுக்குள் போய்க் கூப்பிட்டேன். இந்தியில் பேசினார்கள். தமிழ் என்றேன், காத்திருக்கச் சொன்னார்கள், லைன் கட்டாகிவிட்டது. நான்கு முறை இப்படி. நான்காவது முறை முதலாளி எட்டிப் பார்த்து "எந்தா மோளே, பனியுண்டோ?" என்று கேட்டார், காய்ச்சலா என்று. அந்த அளவுக்கு நடுங்கிக்கொண்டிருந்தேன்.

நேற்று வந்த பதில் இது: நீங்கள் கட்டியது சிகிச்சைக் கட்டணம் இல்லை, பயிற்சி வகுப்புக் கட்டணம், திருப்பித் தர விதி இல்லை. அதோடு, "பாதியில் விலகுவதும் உங்கள் பதற்றத்தின் அறிகுறிதான், தொடர்ந்து வாருங்கள்."

ராத்திரி அந்தப் படிவத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அது இவர்கள் தயாரித்ததே இல்லை. லீபோவிட்ஸ் என்ற மனநல மருத்துவர் 1987-இல் வெளியிட்ட அளவுகோல். அதில் 10-ஆவது, அதிகம் பழக்கமில்லாத ஒருவருக்குப் போன் செய்வது. 22-ஆவது, வாங்கிய பொருளைக் கடையில் திருப்பிக் கொடுப்பது. 24-ஆவது, விடாமல் நெருக்குகிற விற்பனையாளரை மறுப்பது. மூன்றுக்கும் பயம் 3, ஒதுங்குவது 3 என்று என் கையாலேயே போட்டிருக்கிறேன். இவளை நெருக்கினால் மறுக்க மாட்டாள், திருப்பிக் கேட்க மாட்டாள், போன் பண்ண மாட்டாள் என்பதை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை வாங்கி வைத்துக்கொண்டுதான் 12 மணிக்குள் கட்டு என்றார்கள், போனில் கூப்பிடு என்றார்கள். 14,500 ரூபாயைவிட எனக்கு இதுதான் தாங்கவில்லை.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்துத்தான் தொடங்கினேன். கடைக்கு நேரமாகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்கிறவர்களுக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்க வேண்டும், கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள், ஒரு அமர்வுக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். நம்பர் வெளியே தெரிகிற குழுவில் சேராதீர்கள். இன்றைக்கு ராத்திரிக்குள் என்று யார் சொன்னாலும் கட்டாதீர்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், மத்திய அரசு 2022-இல் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். இரண்டு முறை அடித்துவிட்டுப் பயத்தில் வைத்துவிட்டேன், இன்றைக்குத் திரும்ப அடிப்பேன். ஆன்லைன் பணமோசடிக்கு 1930. அண்ணன் எனக்காகப் பேசிப் புகாரைப் பதிந்திருக்கிறான். அம்மாவிடம் 14,500 ரூபாய் போனதை இன்னும் சொல்லவில்லை.

இதே மாதிரி ஒரு தளத்தில் கட்டி ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம். படிவம், ரசீது, சாட் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். என்னோடு யாரும் போனில் பேச வேண்டியதில்லை.