ரயில் மாறும் இடத்தில்தான் தெரியும்

1999-லிருந்து மூன்று வருடம் நான் தினமும் திருமயிலையில் ஏறிச் சேப்பாக்கத்தில் இறங்கினேன். கல்லூரி நாட்கள். பறக்கும் ரயில் என்று ஊரே சொல்லும் அந்தத் தடம் 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரைக்கும், 1997-இல் திருமயிலை வரைக்கும் வந்திருந்தது. எனக்கு மூன்றாவது ஸ்டேஷன். பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்காக அடையாறிலிருந்து பஸ் பிடித்து, லஸ்ஸில் இறங்கி, வெயிலில் நடந்து, பெரிய கட்டடத்துக்குள் நுழைந்து, மாடி மாடியாகப் படி ஏற வேண்டியிருந்தது. பல நாள் அப்படியே பஸ்ஸிலேயே கல்லூரிக்குப் போய்விடுவேன். ரயில் நன்றாகத்தான் ஓடியது. ஏன் விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன் என்று அப்போது யோசித்துப் பார்த்ததில்லை.

அப்புறம் வேலைக்காக சிங்கப்பூர், கோலாலம்பூர், ஹாங்காங் என்று சுற்றி, 2016-இல் சென்னைக்குத் திரும்பினேன். எல்லா ஊரிலும் வண்டி வாங்காமல் ரயிலிலும் பஸ்ஸிலுமே போய்வந்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகத் தெரியும். ஒரு ஊரின் மெட்ரோ நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் ரயிலுக்குள் பார்க்கக் கூடாது. ஏசியும் இருக்கையும் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு ரயிலிலிருந்து இறங்கி அடுத்ததில் ஏறுவதற்குள் உங்கள் காலுக்கும் நேரத்துக்கும் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

2004-இல் சிங்கப்பூரில் வீடு அங் மோ கியோ, அலுவலகம் தஞ்சோங் பாகார். சிவப்புத் தடத்தில் வந்து சிட்டி ஹாலில் பச்சைத் தடத்துக்கு மாற வேண்டும். முதல் நாள் இறங்கியவுடன் எஸ்கலேட்டர் எங்கே என்று தேடினேன். தேடவே வேண்டாம். இறங்கிய பிளாட்பாரத்தின் மறுபக்கத்திலேயே பச்சைத் தட ரயில் வந்து நிற்கிறது. குறுக்கே பத்து எட்டு வைத்தால் அடுத்த ரயில். இரண்டு ரயிலும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்த காலைகளில் இந்தப் பக்கத்துக் கூட்டம் அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்துக் கூட்டம் இந்தப் பக்கமும், ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் கடந்து போகும். தரையில் அம்புக்குறி போட்டிருப்பார்கள்: இறங்குபவர்களுக்குக் கதவின் நடுப்பகுதி, ஏறுபவர்கள் இரண்டு ஓரத்திலும் நிற்க வேண்டும். அவ்வளவு கூட்டத்திலும் நடுவில் ஒரு வழி திறந்தே இருக்கும்.

அந்தப் பத்து எட்டுக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். சிட்டி ஹாலிலிருந்து அடுத்த நிலையமான ராபிள்ஸ் பிளேஸ் வரை இரண்டு தடங்களும் சேர்ந்தே ஓடுகின்றன. சிட்டி ஹாலில் ஒரே திசையில் போகும் ரயில்களும், ராபிள்ஸ் பிளேசில் எதிரெதிராகப் போகும் ரயில்களும் பிளாட்பாரத்தின் இரண்டு பக்கங்களில் நிற்கும். அதற்காக நடுவில் சுரங்கங்களை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே கடக்கும்படி தோண்டியிருக்கிறார்கள். எங்கிருந்து எங்கே போகிறவராக இருந்தாலும் இந்த இரண்டில் ஒன்றில் படி ஏறாமல் மாறிவிடலாம். 1987-இல் ரயில் ஓடத் தொடங்கும்போதே இப்படித் திட்டமிட்டிருந்தார்கள் என்பதுதான் என்னை இன்றுவரை வியக்க வைக்கிறது. ஹாங்காங்கில் மோங் காக், பிரின்ஸ் எட்வர்ட் என்ற அடுத்தடுத்த நிலையங்களிலும் இதே கணக்குத்தான்.

பணத்திலும் மாறும் இடம் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் பஸ்ஸில் வந்து ரயில் ஏறினால் இரண்டுக்கும் தனித்தனியாக ஆரம்பக் கட்டணம் கிடையாது. 2010-லிருந்து மொத்தத் தூரத்துக்குத்தான் கணக்கு. இறங்கியதிலிருந்து 45 நிமிடத்துக்குள் அடுத்ததில் கார்டைத் தட்டினால் ஒரே பயணம். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு இரண்டு நிறுத்தம் பஸ்ஸில் போகவா நடக்கவா என்ற யோசனையே போய்விடும். மழை வந்தால் பஸ், இல்லாவிட்டால் நடை.

அக்கா வீடு அப்போது புக்கிட் பாஞ்சாங்கில் இருந்தது. சுவா சூ காங் வரை பெரிய ரயில், அங்கிருந்து குட்டி எல்ஆர்டி. 1999-இல் வந்தது. டயர் வைத்த, ஓட்டுநர் இல்லாத சின்ன வண்டி. அடுக்குமாடி வீடுகளுக்கு மிக அருகிலேயே உயரத்தில் போகும். முதல் தடவை அக்கா மகளோடு போகும்போது ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கண்ணாடி பால் ஊற்றியது மாதிரி வெள்ளையாகிவிட்டது. ஏதோ கோளாறு என்று பயந்துவிட்டேன். "மாமா, வீடு வந்துருச்சு, அதான்" என்றாள் ஐந்து வயதுக் குழந்தை. வீடுகளைத் தாண்டியதும் கண்ணாடி தானாகத் தெளிந்தது. யார் வீட்டுப் படுக்கையறைக்குள்ளும் ரயில் பயணி எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஒருவர் யோசித்து, அதற்கு ஒரு வழியும் செய்திருக்கிறார். நகரத்துக்கு நடுவில் ரயில் விடுகிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பது இந்தக் கரிசனம்தான்.

கோலாலம்பூரில் நான்கு வருடம். அங்கே கிளானா ஜெயா தடம் எனக்கு மிகவும் பிடித்தது. 1998 முதல் ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது. முன்பக்கக் கண்ணாடி ஓரம் இடம் கிடைத்தால் சுரங்கத்துக்குள் சரிந்து இறங்குவதையும், மறுபடி வெளிச்சத்துக்கு ஏறுவதையும் நேராகப் பார்க்கலாம். தண்டவாளத்தின் நடுவில் ஓடும் பட்டையான உலோகத் தகடு அந்த ரயிலின் நேரியல் மோட்டாரைச் சேர்ந்தது. சக்கரத்தைச் சுழற்றித் தள்ளாமல் காந்த இழுப்பில் போவதால் செங்குத்தான ஏற்றமும் குறுகிய வளைவும் அதற்குச் சுலபம்.

ஆனால் அந்த ஊர் ரயில்கள் தனித்தனி நிறுவனங்கள் தனித்தனிக் காலத்தில் கட்டியவை. மஸ்ஜித் ஜாமிக்கில் இரண்டு தடங்கள் சந்திக்கின்றன, ஒன்று தரைக்குக் கீழே, இன்னொன்று மேலே. 2011 வரை ஒன்றிலிருந்து வெளியே வந்து, மற்றதற்கு மறுபடி டிக்கெட் எடுத்துத்தான் உள்ளே போக முடியும். 2011 கடைசியில் உள்ளேயே மாறிக்கொள்ள வழி செய்தார்கள். புதிதாக ஒரு தண்டவாளமும் போடவில்லை, ரயிலும் வாங்கவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு புதுத் தடம் திறந்த மாதிரி இருந்தது. மோனோரயில் இன்னொரு கதை. 2003-இல் திறந்த அதன் கடைசி நிலையம் ஊரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலை ஒட்டியது என்று வரைபடம் சொல்லும். நிஜத்தில் சாலையைத் தாண்டி நடக்க வேண்டும். 2014-இல் நடுவில் வணிக வளாகம் திறந்த பிறகுதான் மழையில் நனையாமல் போக முடிந்தது. வரைபடத்தில் இரண்டு வட்டங்களை ஒரு கோடு இணைத்தால், அந்தக் கோடு எத்தனை மீட்டர், மேலே கூரை உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது என் வழக்கமானது இங்கேதான்.

ஹாங்காங்கில் எட்டு மாதம் துன் முன் பகுதியில் இருந்தேன். அங்கே 1988 முதல் ஓடும் லைட் ரயிலில் நுழைவுக் கேட்டே கிடையாது. தெரு ஓரத்துப் பிளாட்பாரத்தில் ஒரு கம்பத்தில் ஆக்டோபஸ் கார்டைத் தட்டிவிட்டு ஏற வேண்டும், இறங்கியதும் இன்னொரு கம்பத்தில் தட்ட வேண்டும். நடுவில் பரிசோதகர் வரலாம். கேட் இல்லாததால் வரிசை இல்லை, மாடி இல்லை, ஆகவே லிஃப்டும் தேவையில்லை. சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி தினமும் காலையில் காய்கறிப் பையோடு தானாகவே ஏறி இறங்குவதைப் பார்ப்பேன். ஒருவரும் கைகொடுக்க வேண்டியதில்லை. எல்லா ஊருக்கும் மெட்ரோதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் ஒருநாள் அந்த ஸ்டாப்பில் நின்று பார்க்க வேண்டும்.

டோக்கியோவில் இரண்டு வாரம்தான் இருந்தேன், அதனால் அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆசியாவின் முதல் சுரங்க ரயில் ஓடியது அங்கேதான், 1927-இல், உவேனோவுக்கும் அசாகுசாவுக்கும் இடையே. என்னைக் கவர்ந்தவை இரண்டு. ஒன்று, பிளாட்பாரத் தூணில் ஒட்டியிருக்கும் பட்டியல். எந்த நிலையத்தில் மாறுவதற்கு எத்தனையாவது பெட்டியில் ஏறினால் படிக்கட்டு நேர் எதிரே வரும் என்று அதில் போட்டிருக்கிறது. இரண்டாவது, குடான்ஷிதா நிலையம். அங்கே இரண்டு நிறுவனங்களின் ரயில்கள் அடுத்தடுத்து நின்றும், நடுவில் ஒரு சுவர் இருந்தது. அந்தப் பக்கம் ரயில் நிற்பது தெரிந்தும் மேலே ஏறிப் போய் இறங்கி வர வேண்டும். 2013 மார்ச்சில் அந்தச் சுவரை எடுத்துவிட்டார்கள். இப்போது குறுக்கே நடந்து ஏறலாம். நான் அங்கே இறங்கி, சுவர் இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கெட்ட அனுபவம் இல்லையா என்றால், உண்டு. இந்த ஊர்களில் ஒன்றில், ஒரு சாயங்காலம், இரண்டு நிலையங்களுக்கு நடுவில் ரயில் நின்றுவிட்டது. ஏசி நின்று, பாதி விளக்கும் அணைந்தது. அரை மணி நேரம் அறிவிப்பே இல்லை. பக்கத்தில் நின்ற கர்ப்பிணிப் பெண்ணுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. எழுந்து இடம் கொடுத்தவர்கள் நோட்டுப் புத்தகத்தால் விசிறிவிட்டார்கள். கடைசியில் தண்டவாளம் ஓரமாக நடக்க வைத்து நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். கோளாறு எந்த இயந்திரத்துக்கும் வரும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். வெளியே வந்த அத்தனை பேருக்கும் எந்த பஸ், எங்கே நிற்கும் என்று சொல்ல ஒரு ஆள்கூட இல்லாததைத்தான் மன்னிக்க முடியவில்லை. வேறொரு ஊரில் இதே போல் ரயில் நின்றபோது, நாங்கள் படி ஏறி வருவதற்குள் வாசலில் இலவச பஸ்கள் வந்து நின்றிருந்தன. அன்று வீடு போக ஒரு மணி நேரம் தாமதம், ஆனால் கோபமே வரவில்லை.

இப்போது சென்னை. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் என்று தொடங்கியது. அசோக் நகரில் குடியிருப்பதால் முதல் வருடங்களில் எனக்குப் பயன் குறைவு. 2018-இல் சின்னமலையிலிருந்து டிஎம்எஸ் வரை சுரங்கப் பாதை திறந்ததும்தான் தேனாம்பேட்டை அலுவலகத்துக்கு மெட்ரோவில் போக ஆரம்பித்தேன். ஆலந்தூரில் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாற வேண்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தளங்கள், நடுவில் எஸ்கலேட்டரும் லிஃப்டும். சிட்டி ஹால் அளவுக்குச் சுலபமில்லை, ஆனால் வெளியே போக வேண்டாம், கார்டைத் தட்ட வேண்டாம். நுழையும்போது பை பரிசோதனை உண்டு, இந்திய நகரங்களின் மெட்ரோ எல்லாவற்றிலும் உண்டு. அதற்கு இரண்டு நிமிடம் சேர்த்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

சென்னையின் கஷ்டம் மெட்ரோவுக்கு வெளியேதான். வேளச்சேரி வரை 2007-இல் வந்த பறக்கும் ரயில், பரங்கிமலைக்கான கடைசி ஐந்து கிலோமீட்டருக்காக, அதிலும் அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கால், வருடக்கணக்கில் காத்து நின்றது. அந்தத் துண்டின் மறுமுனையில்தான் மெட்ரோவும் புறநகர் ரயிலும் நிற்கின்றன. பயணச்சீட்டில் நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே க்யூஆர் எடுக்கலாம். இருபது வருடத்துக்கும் மேலாகிறது, அப்போது லஸ்ஸில் இறங்கி நடந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை.

அம்மாவுக்கு எழுபத்துநான்கு வயது. பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போவது அவர் வழக்கம். முன்பெல்லாம் இரண்டு பஸ் மாறி, பாதி நாள் போய்விடும். 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை போனது, 2022-இல் தேரடி ஸ்டேஷன் திறந்ததிலிருந்து அங்கேயே இறங்கிவிடுகிறோம். அசோக் நகரிலிருந்து போக இரண்டு வழி. கோயம்பேடு சுற்றிச் சென்ட்ரல் போய் மாறலாம், அல்லது ஆலந்தூரில் மாறலாம். எப்படிப் போனாலும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் தடவை சென்ட்ரல் வழியாகத்தான் கூட்டிப்போனேன். எஸ்கலேட்டர் முன்னால் நின்று, ஒரு கையால் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, படி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாறு படி போன பிறகும் கால் வைக்கவில்லை. பின்னால் நின்ற கல்லூரிப் பெண், "மெதுவா வாங்கம்மா, அவசரமே இல்ல" என்று கூட்டத்தை மறித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் லிஃப்டைத் தேடிப் போனோம்.

அடுத்த பௌர்ணமிக்கு ஆலந்தூர் வழி. கீழ்த்தளம், மேல்தளம், ஒரே லிஃப்ட். பிளாட்பாரத்தில் காற்று வாங்கிக்கொண்டு நின்றோம்.

"இந்தப் பக்கமே போலாம்ப்பா. அந்தப் பக்கம் பூமிக்குள்ள நடந்துகிட்டே இருக்கணும்" என்றார். அதிலிருந்து ஆலந்தூர்தான். இப்போது எஸ்கலேட்டரிலும் ஏறுகிறார். நான் முன்னால் போகக் கூடாது, பக்கத்தில் நிற்க வேண்டும்.