தென்னை வெள்ளை ஈ: மூன்று வகைக் கட்டுரைகளில் எது கைகொடுத்தது?

ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு எழுபது தென்னை. இரண்டு வருடத்துக்கு முன் கோடையில் அடி ஓலைகள் கரி பூசியது போல ஆகிவிட்டன. ஊடுபயிராக நின்ற வாழையின் இலையைத் தொட்டால் கை பிசுபிசுத்தது. ஓலையைத் திருப்பிப் பார்த்தபோது அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள் கோலம். சுருள் வெள்ளை ஈ. அன்று இரவே போனில் தேடி, கிடைத்த கட்டுரைகளையெல்லாம் படித்தேன். அவை மூன்று வகை: செய்தித் தளங்களில் வரும் பொதுவான கட்டுரை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் போடும் பக்கங்கள், தோப்புக்காரர்களே எழுதும் அனுபவக் கட்டுரை. மூன்று வகையும் சொன்னதைத் தோப்பில் செய்து பார்த்துவிட்டேன். என் ஓட்டு பல்கலைக்கழகத்துக்கு.

பொதுக் கட்டுரை படிக்கச் சுகம், படமும் பளிச்சென்று இருக்கும். ஆனால் பாதிக் கட்டுரை பூச்சியின் வரலாற்றிலேயே போய்விடுகிறது. 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் தென்பட்டது என்பது எனக்கும் தெரியும். நாளை காலை மரத்தடியில் நின்று என்ன செய்வது? "தகுந்த மருந்தைத் தேவையான அளவு தெளிக்கவும்" என்கிறது. எது தகுந்தது, எவ்வளவு தேவை என்பதற்குப் பதில் இல்லை. சிலவற்றில் பூச்சியே மாறியிருந்தது. கொய்யாவிலும் மரவள்ளியிலும் வரும் பழைய சுருள் வெள்ளை ஈ 1990-களிலேயே இங்கே வந்துவிட்டது. தென்னையில் இப்போது இருப்பது அதன் பங்காளி, வேறு இனம். வெண்டைக்கும் பருத்திக்கும் வரும் வெள்ளை ஈயோ முற்றிலும் வேறு. அதற்கான மருந்தைத் தென்னைக்குச் சொல்லியிருந்தார்கள். அப்படி ஒரு கட்டுரையை நம்பி நானும் ஆள் வைத்து மருந்து அடித்தேன். முதல் வாரம் ஈ குறைந்தது. இரண்டு மாதத்தில் முன்பைவிட அதிகமாக வந்து நின்றது.

ஏன் என்ற விளக்கம் பல்கலைக்கழகப் பக்கத்தில்தான் கிடைத்தது. மருந்து அடிக்கக் கூடாது என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. என்கார்சியா என்று ஒரு மிகச் சிறிய குளவி, வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிறது. மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். ஒரு கட்டுரை உதவுமா என்று பார்க்க எனக்கு இப்போது இந்த ஒரு கேள்வி போதும்: எதைச் செய்யக் கூடாது, ஏன் கூடாது என்று அதில் இருக்கிறதா? 'செய்' என்று யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். 'செய்யாதே' என்று எழுத, செய்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்க வேண்டும்.

அளவுகளும் அப்படித்தான். ஐந்தடிக்கு ஒன்றரை அடி மஞ்சள் ஷீட்டில் விளக்கெண்ணெய் தடவி, ஆறடி உயரத்தில், ஏக்கருக்கு எட்டு முதல் பத்து வரை கட்ட வேண்டும். ஈ விடும் பிசுபிசுப்பின் மேல் கரி போல வளரும் கரும்பூசணத்துக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கரைத்துக் காய்ச்சிய பசையை ஓலையில் தெளிக்க வேண்டும். காய்ந்ததும் கரி ஏடு ஏடாக உரிந்து விழும். ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்ச வேண்டும். யாரையும் மறுபடி கேட்காமல் வேலையை ஆரம்பிக்க முடிந்தது.

குறை இல்லாமல் இல்லை. நடை கரடுமுரடு. 'இரைவிழுங்கி' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். ஈயைப் பிடித்துத் தின்னும் பூச்சி என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன்தான் சொன்னார். அவரே ஒரு ஓலைத் துண்டைக் கிள்ளி, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, "ஏனுங்க, கூட்டுல ஓட்டை எப்படி இருக்குதுன்னு பாருங்க" என்றார். ஈயின் குஞ்சு இருந்த கூடுகளில் சில வெளிறிப்போய், ஆங்கில T எழுத்து மாதிரி கீறி இருந்தன. அது வெள்ளை ஈ வெளியே வந்த வழி. சில கறுத்துப்போய், ஊசியால் குத்தியது போல வட்ட ஓட்டையோடு இருந்தன. அது குளவி வந்த வழி. வட்டம் அதிகம் தெரிந்தால் தோப்பு தானாகவே தேறிக்கொண்டிருக்கிறது, கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம். இதைப் படத்தோடு போட்டிருந்தால் அந்தப் பக்கத்துக்கு முழு மார்க் கொடுத்திருப்பேன்.

அப்புறம் தோப்புக்காரர்கள் எழுதுவது. ஆள் கூலி என்ன ஆகும், ஷீட்டில் தூசி படிந்தால் ஈ ஒட்டாது, துடைத்து மறுபடி எண்ணெய் தடவ வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள்தான் சொல்கிறார்கள். பல்கலைக்கழகப் பக்கத்தைப் படித்தபின் இதைப் படித்தால் நல்ல பலன். தனியாக நம்பத்தான் தயக்கம். மே மாதம் வேப்பெண்ணெய் அடித்தேன், ஜூலையில் ஈ போய்விட்டது என்று ஒருவர் உண்மையாகவே எழுதுகிறார். நடுவில் தென்மேற்குப் பருவமழை கொட்டியிருக்கிறது. நல்ல மழை பெய்தாலே வெள்ளை ஈ குறையும். நாலு மரத்தை ஒன்றும் செய்யாமல் விட்டு ஒப்பிட்டுப் பார்த்தாரா என்று தேடுவேன். அப்படி எழுதியவர்கள் குறைவு. எழுதியவர்களின் கட்டுரைகளைச் சேமித்து வைத்திருக்கிறேன்.

நெல்லுக்கும் காய்கறிக்கும் இதே வரிசை பொருந்துமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நான் பார்த்தது தென்னை மட்டும்தான். இப்போது எந்தக் கட்டுரை படித்தாலும் கையில் பேனாவும் பழைய காலண்டர் தாளும் இருக்கும். நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதிக்கொண்டே போவேன். வெள்ளை ஈக்காக எழுதிய தாள் இன்னும் மோட்டார் ரூம் கதவில் ஒட்டியிருக்கிறது. அதில் முதல் வரி: மருந்து வேண்டாம்.