கேரவனில் மரக்காணம் வரை: கடலோரத்தில் ஒரு பகலும் ஓர் இரவும்

பொங்கல் கூட்டம் ஓய்ந்த ஜனவரிக் கடைசியில், சென்னையிலிருந்து கேரவன் எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை போய், கடலை ஒட்டிய சவுக்குத்தோப்பு ஒன்றில் இரவு தங்கி வந்தோம். அம்மா, என் கணவர், மகள், நான். ஊருக்கு வரும்போது இப்படி ஒரு பயணம் போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு என் பதில்: தாராளமாகப் போகலாம். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. நினைத்த இடத்தில் காலை நீட்டிப் படுக்கலாம், கழிப்பறைக்காக யாரிடமும் கேட்டு நிற்க வேண்டாம் என்பதே அவருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் வண்டிக்காரரிடம் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முன்பணம் கட்டுங்கள்.

நாங்கள் இருப்பது மெல்போர்னில். அங்கே கோடை விடுமுறை என்றால் பாதி ஊர் கேரவனை இழுத்துக்கொண்டு கடலோரம் போய்விடும். வண்டியை நிறுத்த ஓர் இடம், அதில் மின்சாரப் பிளக், நல்ல தண்ணீர்க் குழாய், கழிவைக் கொட்டத் தனியாக ஒரு குழி. இவையெல்லாம் ஊருக்கு ஊர் உண்டு. தமிழ்நாட்டில் வண்டி வந்துவிட்டது, அதுவும் நல்ல வண்டியாகவே வந்திருக்கிறது. அது இரவு நிற்பதற்கான இடம்தான் எங்கள் வழியில் எங்கும் கண்ணில் படவில்லை. எங்களுக்கு நேர்ந்த சிரமத்தில் பெரும்பகுதி இந்த ஒன்றிலிருந்து வந்ததுதான்.

வண்டி காலையில் சரியான நேரத்துக்கு வாசலில் நின்றது. உள்ளே பளிச்சென்று சுத்தம். சோபா இரண்டு, விரித்தால் படுக்கை. குட்டி ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், ஷவர் வைத்த கழிப்பறை, சுற்றிலும் பல்பு பதித்த ஒப்பனைக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியைப் பார்த்ததுமே வண்டியின் பூர்வீகம் புரிந்துவிடும். நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான். கட்டுகிறவர்களும் அந்தக் கணக்கிலேயே கட்டுகிறார்கள். பகலில் உட்கார்ந்து இளைப்பாற அருமையான வண்டி. இரவு தூங்கத்தான் அது போதவில்லை. ஜன்னலைத் திறக்க முடிகிறது, ஆனால் கொசுவலை கிடையாது. தண்ணீர்த் தொட்டி நான்கு பேர் குளித்து முடிப்பதற்குள் காலி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கே நிறுத்தினாலும் பிள்ளைகள் ஓடிவந்து, "உள்ள யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டார்கள். மாமல்லபுரத்தில் அம்மா இறங்கி நின்று, "நாங்கதாம்பா, வாங்க, வந்து பாருங்க" என்று அவர்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார். அரை மணி நேரம் அங்கேயே போய்விட்டது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலை மட்டும் பார்த்தோம். பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது, 1984-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கல்பாக்கம் தாண்டிய பிறகு சாலையில் கூட்டம் குறைந்துவிடுகிறது. கடப்பாக்கத்தில் இடது பக்கம் திரும்பி ஆலம்பரைக் கோட்டைக்குப் போனோம். கடைசித் துண்டுச் சாலை குறுகல், கேரவன் போகாது. ஓட்டுநர் தம்பி மெயின் ரோட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, ஷேர் ஆட்டோ ஒன்றைப் பேசி எங்களை அனுப்பிவைத்தார்.

ஆலம்பரையை அவசியம் பாருங்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய முகலாயர் காலத்துக் கோட்டை. நாணயம் அடிக்கும் கூடம்கூட இங்கே இருந்தது. 1750-இல் பாண்டிச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் கைக்கு வந்து பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். மிச்சத்தைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் கழிமுகம், மறுபக்கம் கடல், நடுவில் இடிந்த மதில். இத்தனை பெரிய சரித்திரம் உள்ள இடத்தில் பெண்கள் போக ஒரு கழிப்பறை எங்கள் கண்ணில் படவில்லை. கோட்டையைக் காட்டிலும் அது என் மனதை உறுத்தியது. மதிலோரம் ஒதுங்கி நின்ற இரண்டு கல்லூரிப் பெண்கள் எங்களோடு ஆட்டோவில் வந்து, வண்டியில் கழிப்பறையைப் பயன்படுத்திவிட்டுப் போனார்கள்.

மரக்காணம் நெருங்கும்போது சாலையின் இருபுறமும் உப்பளம். மழைக்காலம் முடிந்து பாத்திகளை மிதித்துச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே கழுவேலி ஏரி. 2021-இல்தான் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். தூரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பறவைக் கூட்டம். உப்பளம் இருக்கும் ஊரில் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதானே. தோப்பில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை, ஒரே உப்பு. அதைத் தொட்டியில் நிரப்பினால் பம்ப்பும் ஹீட்டரும் போய்விடும் என்று தம்பி மறுத்துவிட்டார். சரி என்று பக்கத்துக் கடையில் 20 லிட்டர் கேன்களாக வாங்கி ஊற்றினோம். அந்தக் கேன்களைத் தலையில் சுமந்து வந்து கொடுத்தவர் கடைக்காரரின் மனைவி. சுமக்கும் கூலி வாங்க மறுத்து, மகளுக்கு ஒரு பாக்கெட் கடலைமிட்டாயும் தந்தார்.

திறந்த கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்க அனுமதி கிடையாது, ரோந்துக்கு வரும் போலீஸ் எழுப்பிவிடுவார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் தனியார் தோப்பு ஒன்றைப் பேசிவைத்திருந்தோம். அங்கே காவலுக்கு இருக்கும் ஆயாவும் அவர் மகனும்தான் எங்களுக்கு எல்லாம். மோட்டார் ரூமில் இருந்த 15 ஆம்ப் பிளக்கிலிருந்து மகன் ஒயர் இழுத்துக் கொடுத்தார். வோல்டேஜ் குறைவு, ஏசி ஓடவில்லை. விளக்கும் ஃபிரிட்ஜும் மட்டும் ஓடின. நாங்கள் வெளியே கூடாரம் போட்டு, அம்மாவையும் மகளையும் வண்டிக்குள் படுக்கவைத்தோம். ஜன்னலுக்கு ஆயா வீட்டுப் பழைய கொசுவலையை வெட்டி டேப் போட்டு ஒட்டினோம். வாடைக்காற்று நன்றாக வீசியதால் ஏசி இல்லாதது தெரியவில்லை.

ராத்திரிச் சாப்பாடு ஆயா கை. நெத்திலிக் குழம்பு, சங்கரா வறுவல், சுடுசோறு. புளியைக் கரைத்து ஊற்றிவிட்டு, கொதி வந்ததும் நெத்திலியைப் போட்டு, கரண்டியே போடாமல் சட்டியை இரண்டு பக்கமும் பிடித்து ஒரு சுழற்று சுழற்றி இறக்கினார். கரண்டி பட்டால் மீன் கரைந்துவிடுமாம். நான் இத்தனை வருடம் கிளறிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஒன்பது மணிக்கு ஆயா வந்து, "வெளிச்சத்த அணச்சிடு கண்ணு. ஆமை கரை ஏறுற மாசம் இது" என்றார். ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்தக் கரையில் சிற்றாமைகள், அதாவது ஆலிவ் ரிட்லி ஆமைகள், முட்டையிட ஏறும். கரையில் வெளிச்சம் இருந்தால் தாய் ஆமை ஏறாமலே திரும்பிவிடும். பொரித்து வரும் குஞ்சுகளும் கடல் இருக்கும் திசை தெரியாமல் விளக்கு இருக்கும் பக்கம் ஊர்ந்துபோய்ச் செத்துவிடும். சென்னையில் மாணவர்கள் 1988-லிருந்து இரவிரவாகக் கடற்கரையில் நடந்து முட்டைகளைப் பாதுகாக்கிறார்கள். விடிவதற்குள் எழுந்து மகளோடு கரையில் நடந்தபோது, டிராக்டர் டயர் பதிந்தது போல ஒரு தடம் தண்ணீரிலிருந்து மேலேறி மணல்மேடு வரை போயிருந்தது. இறங்கிய தடம் சற்றுத் தள்ளி. நடுவில் கிளறி மூடிய மணல். அதற்குள் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், பொரிக்க ஏறக்குறைய ஐம்பது நாள் ஆகும் என்று ஆயாவின் மகன் சொன்னார். நாய் தோண்டிவிடக் கூடாது என்று அவரே வனத்துறை ஆளுக்குப் போன் போட்டார். இந்தக் கடலோரத்தில் முகாம் நடத்துகிறவர்கள் சிலர் ஃப்ளட் லைட்டும் ஸ்பீக்கரும் வைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிப்பட்ட இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

காலையில் கழிவுத் தொட்டி நிரம்பிவிட்டதற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கே கொட்டுவது என்று வாடகை நிறுவனத்துக்குப் போன் செய்தால், "ஓரமா எங்கயாவது விட்டுடுங்க மேடம்" என்றார்கள். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் ஏரி, எதிரே கடல். எங்கே விடுவது? தம்பியும் மறுத்துவிட்டார். கழிப்பறையைப் பூட்டிவிட்டு, திரும்பும் வழியில் பெட்ரோல் பங்க்குகளில் நிறுத்தி நிறுத்தி வந்தோம். சென்னையில் கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டுத் தொட்டியைக் காலி செய்த பிறகுதான் வண்டியை ஒப்படைத்தோம். இதற்கு வழியே இல்லாத மாநிலம் அல்ல இது. மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழியில் 2017-லிருந்து கழிப்பறைத் தொட்டிகளிலிருந்து எடுக்கும் கசடுக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் ஓடுகிறது. மாமல்லபுரத்தில் அரசுச் சுற்றுலாக் கழகத்துக்கே கடற்கரையில் விடுதி இருக்கிறது. அந்த வளாகத்தில் ஒரு மூலையில் பிளக்கும் குழாயும் மூடி போட்ட கழிவுத் தொட்டியும் வைத்து, லாரியைக் கருங்குழிக்கு அனுப்பினால் ஆயிற்று.

இன்னொரு விஷயம் எனக்கு ஆறவே இல்லை. ஓட்டுநர் எங்கே படுப்பார்? முன்பதிவின்போது கேட்டதற்கு, "அவர் பார்த்துக்குவார்" என்று பதில் வந்தது. அவர் பார்த்துக்கொள்வது என்றால் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்குவதுதான். மறுநாள் நூற்றிருபது கிலோமீட்டர் நம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டப்போகிறவர் அவர். ஆயா கயிற்றுக்கட்டிலும் போர்வையும் கொடுத்ததால் தம்பி தூங்கினார். பேட்டா பில்லில் தனியாக வருகிறது, நாம் கட்டிவிடுகிறோம். ஆனால் அது படுக்க இடம் ஆகாது. அவருக்கு அறை எங்கே என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

அப்படியே, ஜன்னலுக்கு வலை உண்டா, தொட்டி எத்தனை லிட்டர், கழிவை எங்கே இறக்குவார்கள், கிலோமீட்டர் வரம்பு தாண்டினால் எவ்வளவு, ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு என்பதையும் கேளுங்கள். எங்கள் பில்லில் டீசல் கடைசியில்தான் தலைகாட்டியது. போக நல்ல காலம் ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் பாதி வரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், வெயிலும் தாங்காது. அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் தோப்புப் பாதையில் இந்த வண்டியின் சக்கரம் புதைந்துவிடும்.