425,000 ரூபாயும் போய், கூரையும் போய் நிற்கிறோம்: வீடு திருத்தப் போகிறவர்கள் கவனம்

கொதிப்போடுதான் எழுதுகிறேன். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் கூரைத்தகடும் சீலிங்கும் போட்டுக் கொடுக்கும் ஒரு கடை, எங்களிடம் 425,000 ரூபாயை வாங்கிக்கொண்டு வீட்டைப் பாதி திறந்தபடி விட்டுவிட்டது.

எங்களுடையது இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. கைமரங்களைக் கறையான் அரித்து, அடுப்படிப் பக்கம் ஒரே ஒழுக்கு. மாரிக்கு முதல் கூரையை மாற்றுவோம் என்று அந்தக் கடைக்காரரைக் கூப்பிட்டோம். மனிதர் தானே ஏறி ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பார்த்தார். "இந்தப் பக்கத்து மரமெல்லாம் நல்லாயிருக்கு அம்மா, மாத்தத் தேவையில்லை, ஏன் சும்மா காசைக் கரைப்பான்?" என்றார். எங்கள் காசை மிச்சம் பிடித்துத் தருகிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? அதற்குப் பிறகுதான், தகடு விலை ஏறப்போகிறது, இன்றைக்கே பாதிக் காசு தந்தால் பழைய விலைக்கு எடுக்கலாம் என்றார். மொத்தம் 850,000, பாதி 425,000. அம்மா நெல்லு விற்ற காசையும் சிட்னியிலிருந்து அண்ணா அனுப்பியதையும் சேர்த்து எண்ணிக் கொடுத்தார்.

ஆட்கள் வந்து ஒரு பக்க ஓட்டை இறக்கி, தறப்பாள் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். 2009இல் மெனிக் பாம் அகதி முகாமில் தறப்பாளுக்குக் கீழே கிடந்த அம்மாவைத் திரும்பவும் அதற்குக் கீழே படுக்க வைத்துவிட்டார்கள். இதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

கேட்டால், தகடு கொழும்பிலிருந்து வரவில்லையாம். பிறகு மேசனுக்குச் சுகமில்லையாம். பிறகு, "காசைப் பொருளுக்குப் போட்டாச்சு, திருப்பித் தர ஏலாது." இப்போது என் அழைப்பையே எடுப்பதில்லை. கடையில் நிற்கும் பெடியனோ முதலாளி வவுனியாவுக்குப் போய்விட்டார் என்கிறான். பொலிசில் இது காசுப் பிரச்சினை, மத்தியஸ்த சபைக்குப் போங்கோ என்றார்கள். கையில் இருப்பது "முற்பணம் 425,000" என்று மட்டும் எழுதிய ஒரு துண்டு. எந்த வேலைக்கு, எப்போது முடிப்பது, ஒன்றும் அதில் இல்லை.

அண்ணா இருக்கிற நியூ சவுத் வேல்ஸில் வீட்டு வேலைக்கு 10 வீதத்துக்கு மேல் முற்பணம் கேட்கவே சட்டம் விடாதாம். அவ்வளவு தூரம் ஏன்? இதே வீட்டைக் கட்டும்போது இந்திய வீட்டுத்திட்டத்துக் காசு 550,000 ரூபாயையும் அத்திவாரம், சுவர், கூரை என்று வேலையைப் பார்த்துப் பார்த்துக் கட்டம் கட்டமாகத்தான் தந்தார்கள். இந்த முறையைத்தான் ஒவ்வொரு கொந்தராத்துக்காரரிடமும் கேளுங்கள். ஒத்துக்கொள்ளாத ஆள் வேண்டாம்.

பொருளை நீங்களே வாங்கி இறக்குங்கள், கூலியை மட்டும் வேலைக்கேற்பக் கொடுங்கள். தகடு முற்றத்துக்கு வராமல் ஓட்டைக் கழற்ற விடாதீர்கள். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத்து ஒப்பந்தமென்றால் வழக்குப் போட 6 வருடம், வாய்ப்பேச்சென்றால் 3 வருடம்தான். நுகர்வோர் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுத்தில், 3 மாதத்துக்குள் போக வேண்டும். இழுத்தடிப்பதே அந்தக் காலம் கடக்கத்தான்.

மத்தியஸ்த சபைக்கு நான் எழுதிவிட்டேன். கூரை வேலைக்கென்று இப்படி முற்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற வேறு ஆட்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இருந்தால் உட்பெட்டியில் எழுதுங்கள். ஒரே கடைதான் என்றால் சேர்ந்தே போவோம்.