ஒழுகும் கேட் வால்வு: கயிறு சுற்றினால் போதுமா, பால் வால்வுக்கு மாறலாமா?

மொட்டை மாடித் தொட்டிக்குக் கீழே இருக்கும் பித்தளை கேட் வால்வு (சக்கரத்தைத் திருப்பினால் உள்ளே ஒரு தகடு இறங்கித் தண்ணீரை மூடும் வகை) ஒழுகுகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டால், வந்து நின்றதும் அவர் சொல்வது "மாத்திடலாம் சார்" என்பதுதான். மாற்றுவது தப்பில்லை. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமல் மாற்றுவதுதான் வீண் செலவு. வால்வை நன்றாகத் துடைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். கைப்பிடித் தண்டைச் சுற்றி ஈரம் என்றால் கிளாண்ட், அதாவது தண்டைச் சுற்றிக் கயிறு அடைத்திருக்கும் இடம், தளர்ந்திருக்கிறது. குழாய் சேரும் மரையில் ஈரம் என்றால் அது வேறு கதை. வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் இறுக்க மூடியும் கீழே குழாயில் தண்ணீர் வருகிறது என்றால், உள்ளே இறங்கும் தகடு சரியாக உட்காரவில்லை, அநேகமாக உப்புத் தண்ணீர் படிவுதான் காரணம்.

முதல் வகைக்கு வால்வை மாற்றவே வேண்டாம். சக்கரத்துக்கு நேர் கீழே இருக்கும் சின்ன நட்டை ஸ்பேனரால் கால் சுற்று இறுக்குங்கள், பல நேரம் அதோடு நின்றுவிடும். (அதற்கும் கீழே ஒரு பெரிய நட்டு இருக்கும், அதில் கை வைக்காதீர்கள், வால்வின் தலையே கழன்று வந்துவிடும்.) நிற்கவில்லை என்றால் தொட்டியைக் காலி செய்து, நட்டைக் கழற்றி, பழைய கயிற்றைக் கிளறி எடுத்துவிட்டு, கிராஃபைட் கயிறோ முறுக்கிய டெஃப்லான் டேப்போ நட்டு இறுகும் திசையிலேயே சுற்றி மூட வேண்டும். சொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அதற்கு மேல் போனால் அப்புறம் சக்கரத்தைத் திருப்ப ஆள் தேட வேண்டும். தொட்டியடியில் தண்ணீரின் அழுத்தம் ரொம்பக் குறைவு, ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார்தான், அதனால் இந்தக் கைவைத்தியமே நன்றாகத் தாங்கும். நான் சுற்றியது மூன்று வருடமாக ஒழுகவில்லை.

தகடு போன வால்வுக்கு இது உதவாது. அங்கே இன்னொரு கேட் வால்வு வாங்குவதை விட பித்தளை பால் வால்வு (உள்ளே துளையுள்ள குண்டு ஒன்று திரும்பி மூடும் வகை) மேல் என்பது என் கட்சி. கால் சுற்றில் மூடிவிடும், திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று கைப்பிடியைப் பார்த்தாலே தெரியும். ஒரே ஒரு விஷயம், கடையில் வாங்கும்போது திறந்து வைத்து உள்ளே பாருங்கள். மலிவான சிலவற்றில் குண்டின் துளை குழாயை விடச் சிறியதாக இருக்கும், தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு அது பெரிய இடைஞ்சல், ஷவரில் குளிக்கும்போது தெரியும். பாதி திறந்தும் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் வெள்ளை வளையம் தேய்ந்துவிடும். மாதம் ஒரு முறை சும்மாவாவது திருப்பிவிட வேண்டும், இல்லையென்றால் உப்பு பிடித்து இறுகிப்போகும்.

பிளாஸ்டிக் பால் வால்வு விலை குறைவு, துரு பிடிக்காது, பிளாஸ்டிக் குழாய் ஓடும் வீட்டில் பசை போட்டு ஒட்டினால் வேலை முடிந்தது. ஆனால் மொட்டை மாடி வெயிலில் கைப்பிடி நொறுங்கும், அதுவும் அவசரமாக மூட வேண்டிய நாளில்தான் நொறுங்கும். ஒட்டுவதால் கழற்றவும் முடியாது, குழாயை அறுக்க வேண்டும், பக்கத்தில் ஒரு யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) போட்டுக்கொண்டால் மட்டும் தப்பலாம். நிழலான இடத்துக்குச் சரி.

மரையில் ஒழுகுவதுதான் எனக்குப் பயம் தருவது. பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் என்றால் வால்வைக் கழற்ற ரெஞ்ச் போட்டு ஒரு முறுக்கு முறுக்கியதும் துருப்பிடித்த நிப்பிள் (இரு முனையிலும் மரை உள்ள குட்டைக் குழாய்) ஒடிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும், வால்வு வேலை தொட்டி வேலையாகிவிடும். குழாயை இன்னொரு ரெஞ்சால் பிடித்துக்கொண்டுதான் திருப்ப வேண்டும். எங்கள் வீட்டில் குளியலறை லைனுக்குப் பால் வால்வு போட்டாயிற்று. தொட்டியடியில் மட்டும் இன்னும் அந்தப் பழைய கேட் வால்வுதான், கயிறு சுற்றியபடி. அந்த நிப்பிளில் ரெஞ்ச் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.