நாரி நோவுக்கு இழுவை மேசையா, உடற்பயிற்சியா?

யாழ்ப்பாணத்தில் நாரி நோ என்று வாய் திறந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் வரும். இப்போது முள்ளந்தண்டை இழுத்துவிடும் மேசையையும் விசாரிக்கிறார்கள்.

நெஞ்சிலும் இடுப்பிலும் பட்டி கட்டிப் படுக்கவைப்பார்கள். கணினி இயக்கும் மோட்டார் மெல்ல இழுக்கும், தளர்த்தும், திரும்ப இழுக்கும். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டில் அழுத்தம் குறைந்தால் நரம்பு விடுபடும் என்பது கணக்கு. எழும்பும்போது சிலருக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, நாரி நோவுக்கு இழுவைச் சிகிச்சை வேண்டாம் என்கிறது. அப்படியிருக்க, பல அமர்வுகளுக்குச் சேர்த்து முற்பணம் கேட்டால் கொடுக்க எனக்கு மனம் வராது. எலும்பு நலிவுள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த இழுவை ஆகாது.

பயிற்சியை அதே வழிகாட்டி பரிந்துரைக்கிறது. போதனா வைத்தியசாலையில் பிசியோதெரபிக்குக் காசில்லை, காத்திருப்புத்தான். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சை உயர்த்துவதைத் தினமும் வீட்டில் செய்வது சலிப்புத்தான். பலர் நோ குறைந்ததும் பாயைச் சுருட்டிவிடுவார்கள். அப்படியிருந்தும் என் ஓட்டு பயிற்சிக்கே.



சிறுநீர் அடைபட்டாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ இரண்டையும் விட்டுவிட்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.