காயிலின் மின்தடை அளக்கும் கைத்தயாரிப்பு அடாப்டர்: வாங்க நினைப்போர் கவனத்திற்கு

பிரிட்டனில் வசித்துக்கொண்டு, மின்சிகரெட்டில் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயிலைத் தாங்களே சுற்றிக்கொள்ளும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். (இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றின் விற்பனையையே தடை செய்துவிட்டதால் அங்குள்ளவர்களுக்கு இந்தப் பேச்சே எழாது.) இணையச் சந்தையொன்றில் கடை வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து, சாதாரண மல்டிமீட்டரில் செருகிக் காயிலின் மின்தடையை அளக்க உதவும் அடாப்டர் ஒன்றை வாங்கினேன். தன் கையாலேயே செய்வதாகவும், 0.01 ஓம் வரை துல்லியமாகக் காட்டும் என்றும் விளம்பரத்தில் எழுதியிருந்தார்.

வந்து சேர்ந்த பொருள் பார்வைக்கு நேர்த்தியாகத்தான் இருந்தது: ஒரு முனையில் காயிலும் திரவமும் இருக்கும் டாங்க்கைத் திருகும் 510 வகை இணைப்பு, மறுமுனையில் இரண்டு பிளக்குகள், நடுவே கறுப்பு உறை போட்ட மெல்லிய ஒயர்கள். ஆனால், காயிலின் தடையைத் தானே அளந்து காட்டும் சுற்றுப்பலகை உள்ள என் மின்சிகரெட் 0.2 ஓம் என்று காட்டும் அதே காயிலை இதில் திருகியபோது மீட்டர் 0.5 காட்டியது, ஒயரைச் சற்று அசைத்தால் 0.8க்குத் தாவியது. எந்தப் பக்கம் சந்தேகப்படுவது என்று தெரிய, ஒரு சதவீதப் பிழை வரம்புள்ள 0.1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அதே அடாப்டரின் நடுமுனைக்கும் வெளிவளையத்துக்கும் இடையே வைத்துப் பார்த்தேன். அதற்கும் 0.4க்குக் குறைவாக ஒருமுறைகூடக் காட்டவில்லை.

அளவு கூடுதலாகக் காட்டுவதுதான் இதில் ஆபத்தான பக்கம். முழுதாக மின்னேற்றிய மின்கலம் 4.2 வோல்ட் தரும். காயில் உண்மையிலேயே 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர்தான் ஓடும், அதுவே 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர் ஓடும். பரவலாகக் கிடைக்கும் 18650 வகை மின்கலங்களில் நல்லவை பலவும்கூடத் தொடர்ந்து 20 ஆம்பியர் அளவுக்கே உத்தரவாதம் உள்ளவை. பாதுகாப்புச் சுற்று ஏதுமற்ற மெக்கானிக்கல் மாட் (மின்கலத்தை நேரடியாகக் காயிலோடு இணைக்கும் மின்சிகரெட்) வைத்திருக்கும் ஒருவர் இந்த அடாப்டரின் கணக்கை நம்பிப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

உறையைக் கிழித்துப் பார்த்தேன். வெளிவளையத்தோடு சால்டர் செய்யப்பட்டிருக்க வேண்டிய ஒயர், வளையத்தின் மீது வெறுமனே வைக்கப்பட்டு, மேலே ஹாட் க்ளூ ஊற்றி மூடப்பட்டிருந்தது. நடுமுனையில் மட்டும் சால்டரிங் இருந்தது. அதுவும் சூடு மிகுந்து, முனையைத் தாங்கும் பிளாஸ்டிக் வளையம் இளகி, முனை ஒருபக்கம் சாய்ந்து நின்றது. இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தால் வெளிவளையத்தில் முட்டி ஷார்ட் ஆகியிருக்கும். அதைவிட அடிப்படையான குறை, இதில் இரண்டே ஒயர்கள் இருந்ததுதான். ஒயரின் தடையும் பிளக்கின் தடையும் காயிலின் தடையோடு கூடித் தெரியும்போது 0.01 ஓம் துல்லியம் என்பது வெறும் வாய்ச்சொல். ஒழுங்காகச் செய்பவர் நான்கு ஒயர்கள் இழுப்பார்: ஒரு ஜோடி வழியாக ஏறத்தாழ 100 மில்லிஆம்பியர் நிலையான மின்னோட்டம் (எல்எம்317 என்ற சீராக்கிச் சில்லு ஒன்றும் 12 ஓம் ரெசிஸ்டரும் இதற்குப் போதும்), மறு ஜோடி வழியாகக் காயிலின் இரு முனைகளிலும் உள்ள மின்னழுத்தம். 0.2 ஓம் காயில் அப்போது சுமார் 20 மில்லிவோல்ட் காட்டும். ஒயரின் தடை கணக்கிலேயே வராது.

விற்பனையாளருக்குப் படங்களுடன் எழுதினேன். முதலில் என் மீட்டர் மலிவானது என்றார். பிறகு, காட்டும் அளவிலிருந்து 0.3ஐக் கழித்துக்கொள்ளச் சொன்னார். அசைத்தால் மாறும் ஒன்றிலிருந்து எதை நிலையாகக் கழிப்பது? கடைசியில், கையால் செய்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று முடித்துவிட்டார். இது பிரிட்டன் சட்டப்படி செல்லாது. வாங்குபவர் சொன்ன அளவில், அவருக்கென்றே செய்த பொருளுக்குத்தான் 14 நாள் ரத்து உரிமையிலிருந்து விலக்கு உண்டு. கையால் செய்தது என்பதால் மட்டும் விலக்கு கிடையாது. குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கும் உரிமையை 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் தனியே தருகிறது. திருப்பி அனுப்பும் நியாயமான செலவும் வணிகரையே சேரும்.

இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுதிய பின்னரே விலை திரும்ப வந்தது. அஞ்சல் செலவு இன்னும் வரவில்லை. விளம்பரம் அதே வாசகத்தோடு இன்றும் இருக்கிறது. இதுபோன்ற பொருளை யாரிடம் வாங்குவதானாலும், உறை போடுவதற்கு முன் எடுத்த படத்தையும், தெரிந்த மதிப்புள்ள ரெசிஸ்டரை அதில் வைத்து அளந்த படத்தையும் முன்கூட்டியே கேளுங்கள். தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.